வாசகர் கேள்வி – பதில்: ஒரு போரிலிருந்து அடுத்த போருக்கு ஜப்பான் எப்படிப் போனது?

1941 டிசம்பரில் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதைப் படித்த வாசகர்கள் பலர், தாக்குதல் நடந்த விதத்தைக் காட்டிலும் அதற்கு இட்டுச்சென்ற காரணங்களையே கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சில கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மக்கள்தொகைப் பெருக்கம், மூலப்பொருள் பற்றாக்குறை, சந்தைத் தேவை ஆகிய மூன்றுமே ஜப்பானின் ஏகாதிபத்தியத்துக்குக் காரணம் என்று பாடத்தில் படிக்கிறோம். அது போதுமான விளக்கமா? (மேல்நிலை வகுப்பு மாணவி)

பதில்: அவை மூன்றும் உண்மைதான், ஆனால் போதா. கொரியாவை முன்னிட்டு 1894-ல் சீனத்தோடு ஜப்பான் போருக்குப் போனபோது, அந்நாடு பட்டும் தேயிலையும் செம்பும் நிலக்கரியும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. மூலப்பொருளுக்காக ஏங்கி நின்ற நாடாக அது அப்போது இல்லை. முதல் அடியை எடுத்து வைக்கச் செய்தது அச்சம். அந்த அச்சத்தோடு சேர்ந்தே வளர்ந்தது ஆசை.

1853-ல் அமெரிக்கத் தளபதி பெரி நான்கு போர்க்கப்பல்களோடு எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவுக்குள் வந்து நின்றதை அந்தத் தலைமுறை மறக்கவே இல்லை. 1858-ல் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி, ஜப்பானிய மண்ணில் குற்றம் செய்யும் வெளிநாட்டவரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இறக்குமதிக்கு எவ்வளவு சுங்கவரி என்பதைக்கூட ஜப்பான் தானாக முடிவு செய்ய முடியாது. சுங்க உரிமை முழுமையாகத் திரும்பக் கிடைக்க 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அபினிப் போர்களில் சீனம் பட்ட பாட்டையும் இந்தியா ஆங்கிலேயர் கைக்குப் போனதையும் பார்த்துக்கொண்டிருந்த மெய்ஜி காலத் (1868–1912) தலைவர்கள், உலகில் விழுங்கும் நாடுகள், விழுங்கப்படும் நாடுகள் என்று இரண்டே வகைதான் உண்டு என்ற முடிவுக்கு வந்தார்கள். ‘வளமான நாடு, வலிமையான படை’ என்ற முழக்கமும், 1873-ன் கட்டாய இராணுவச் சேவையும் அந்த முடிவிலிருந்து பிறந்தவை.

1890-ல் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் பிரதமர் யமகதா அரிதோமோ ஆற்றிய உரையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு நாட்டுக்கு ‘இறையாண்மைக் கோடு’ ஒன்று உண்டு, அதைக் காக்க அதற்கு வெளியே ‘நலன் கோடு’ ஒன்றும் வேண்டும் என்றார் அவர். அன்றைக்கு அந்த நலன் கோடு கொரியா. 1910-ல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. உடனே கொரியாவைக் காக்க, சீனத்தின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியா தேவைப்பட்டது. 1932-ல் மஞ்சூரியா கைக்கு வந்ததும், அதைக் காக்க வட சீனம் தேவைப்பட்டது. சீனத்தில் போர் முடியாமல் இழுத்தபோது, சீனத்துக்கு வெளியுதவி வரும் வழியை அடைக்க, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனம் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) தேவைப்பட்டது. காப்பதற்கென்று போட்ட கோடு, தானே காக்கப்பட வேண்டிய நிலமாகிவிடும். அதற்கு வெளியே இன்னொரு கோடு போட வேண்டும். பொருளாதாரக் காரணங்கள் இந்த ஓட்டத்துக்கு வேகம் கொடுத்தன என்பதே என் கருத்து.

இரண்டு போர்களின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீனத்தை ஜப்பான் வென்றபின், 1895 ஏப்ரலில் ஷிமோனோசெகியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி தைவானும் தென் மஞ்சூரியாவின் லியாவோதுங் தீபகற்பமும் கிடைத்தன. இழப்பீடாக 20 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளியும் கிடைத்தது. போருக்கு முந்தைய ஜப்பானிய அரசின் சில ஆண்டு வருவாய்க்கு ஈடான தொகை அது. யவாதா எஃகு ஆலைக்கு அடித்தளம் இட்டதும், 1897-ல் யென் தங்க மதிப்பில் நிலைபெற்றதும் அந்தப் பணத்தால்தான். போர் இலாபம் தரும் என்பதை ஒரு நாடு இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொண்டது அதற்குப் பெருங்கேடாக முடிந்தது. ஆனால் உடன்படிக்கை கையெழுத்தான ஆறாம் நாளே ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்சும் ஒன்றுசேர்ந்து, லியாவோதுங்கைத் திருப்பிக் கொடுக்குமாறு நெருக்கின. ஜப்பான் பணிந்தது. மூன்றே ஆண்டில் அதே தீபகற்பத்தை ரஷ்யா குத்தகை என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. 1904-ன் ரஷ்யப் போருக்கான வஞ்சம் அங்கே விதைக்கப்பட்டது.

அந்தப் போரிலும் ஜப்பான் வென்றது. ஆனால் 80,000 பேருக்கு மேல் உயிரிழந்தும் ஒரு காசு இழப்பீடு கிடைக்கவில்லை. உடன்படிக்கை கையெழுத்தான 1905 செப்டம்பர் 5 அன்றே டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் திரண்ட கூட்டம் காவல் நிலையங்களுக்குத் தீ வைத்தது. ‘ஒரு லட்சம் வீரரின் உயிரையும் 200 கோடி யென்னையும் கொடுத்துப் பெற்ற மஞ்சூரியா’ என்ற சொற்றொடர் அதன் பிறகு ஒரு தலைமுறைக் காலம் மேடைதோறும் ஒலித்தது. மாண்டவர்களின் பெயரால் ஒரு நிலத்தைப் புனிதமாக்கிவிட்டால், அதைப் பற்றிப் பேரம் பேச முன்வரும் எந்த அமைச்சரும் துரோகியாகிவிடுவார்.

மாற்று வழியே இருக்கவில்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். இருந்தது. இஷிபாஷி தன்சான் என்ற பொருளாதார இதழாசிரியர் 1921-லேயே கொரியா, தைவான், மஞ்சூரியா எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று எழுதினார். குடியேற்றங்களோடு நடக்கும் வணிகத்தைவிட அமெரிக்காவோடும் இந்தியாவோடும் பிரிட்டனோடும் நடக்கும் வணிகமே ஜப்பானுக்குப் பெரிது என்பதைக் கணக்குப் போட்டே காட்டினார். பற்றாக்குறைதான் காரணம் என்னும் வாதத்துக்கு அந்தக் காலத்திலேயே, அந்த நாட்டிலேயே, ஒரு ஜப்பானியர் கொடுத்த மறுமொழி அது. அவர் 1956-ல் பிரதமரானார். ஆனால் அவர் சொல்லைக் கேட்டிருக்க வேண்டிய காலம் அதற்குள் கடந்து போயிருந்தது.

கேள்வி: அரசுக்குத் தெரியாமல் படை அதிகாரிகளே மஞ்சூரியப் போரைத் தொடங்கினார்கள் என்பது நம்பத் தகுந்ததா? ஒரு நாட்டின் படை எப்படி அப்படி நடக்க முடியும்? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: நம்பித்தான் ஆக வேண்டும். 1931 செப்டம்பர் 18 இரவு பத்தரை மணிக்குச் சற்று முன்பு, மஞ்சூரியாவின் முக்டென் (இன்றைய ஷென்யாங்) நகருக்கு வடக்கே லியுதியாவோ ஏரிக்கு அருகில், ஜப்பானுக்குச் சொந்தமான தென் மஞ்சூரிய ரயில்வேயின் தண்டவாளத்தில் ஒரு வெடி வெடித்தது. அதை வைத்தவர் அந்த ரயில்பாதைக்குக் காவலாக இருந்த ஜப்பானியப் படையின் இளம் அதிகாரி ஒருவரே. வெடி மிகச் சிறியது. அது வெடித்த சிறிது நேரத்தில் சாங்சுன் பக்கமிருந்து வந்த ரயில் ஒன்று அதே இடத்தைக் கடந்து, முக்டென் நிலையத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒரு ரயிலைக்கூட நிறுத்த முடியாத அந்த வெடியைச் சீனர் செய்த நாசவேலை என்று அறிவித்து, சில நிமிடங்களில் அருகிலிருந்த சீனப் படைமுகாம் தாக்கப்பட்டது. விடிவதற்குள் முக்டென் ஜப்பானியர் வசம். மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியப் படையான க்வாண்டுங் படையின் இதாகாகி செய்ஷிரோ, இஷிவாரா கான்ஜி என்னும் இரண்டு அதிகாரிகள் நெடுநாள் தீட்டிய திட்டம் அது.

டோக்கியோ அமைச்சரவை மறுநாள் கூடி, சண்டையைப் பெரிதாக்குவதில்லை என்று முடிவெடுத்தது. ஆனால் கொரியாவில் இருந்த ஜப்பானியப் படையின் தளபதி ஹயாஷி செஞ்ஜூரோ, பேரரசரின் ஆணை இல்லாமலே செப்டம்பர் 21 அன்று தன் துருப்புகளை எல்லை தாண்டி மஞ்சூரியாவுக்குள் அனுப்பினார். ஆணையின்றிப் படையை நகர்த்துவது இராணுவச் சட்டப்படி மிகக் கொடிய குற்றம். அமைச்சரவை என்ன செய்தது? அடுத்த நாள் கூடி, அந்தப் படைநகர்வுக்கான செலவுத் தொகைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஹயாஷி தண்டிக்கப்படவில்லை, 1937-ல் பிரதமராகவே ஆனார். மஞ்சூரிய வரலாற்றில் எல்லோரும் வெடியைப் பற்றிப் பேசுகிறார்கள். செலவுக்கு ஒப்பமிட்ட அந்த நாளே அதைவிடப் பெரிய திருப்பம் என்பேன்.

இதற்கு மூன்று ஆண்டு முன்பே ஓர் ஒத்திகை நடந்திருந்தது. 1928 ஜூன் 4 அன்று மஞ்சூரியாவின் போர்த்தலைவர் சாங் சுவோலின் பயணம் செய்த ரயிலைக் குண்டு வைத்துத் தகர்த்தவர் கோமோதோ தைசாகு என்ற ஜப்பானியக் கர்னல். அவருக்குக் கிடைத்த தண்டனை பதவி நீக்கம் மட்டுமே. கொலை செய்தவன் வீட்டுக்குப் போகலாம் என்றால், அடுத்தவன் துணியாமல் இருப்பானா?

சட்ட அமைப்பும் இதற்கு இடம் கொடுத்தது. 1889-ன் அரசமைப்பில் 11-ஆம் பிரிவு, படைகளின் தலைமை பேரரசரிடம் இருப்பதாகச் சொன்னது. ஆகவே தரைப்படைத் தலைமையகமும் கடற்படைத் தலைமையகமும் பிரதமருக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நேரே பேரரசரிடமே அறிக்கை கொடுப்பவை. 1930-ல், போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்த லண்டன் கடற்படை உடன்படிக்கையைப் பிரதமர் ஹமாகுச்சியின் அமைச்சரவை ஏற்றபோது, இது பேரரசரின் படைத்தலைமை உரிமையில் அத்துமீறல் என்று பெரும் கூச்சல் எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோ ரயில் நிலைய நடைமேடையில் ஹமாகுச்சி சுடப்பட்டார். அந்தக் காயத்தால் அடுத்த ஆண்டு இறந்தார். 1932 மே 15-ல் பிரதமர் இனுகாய் சுயோஷி தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். 1936 பிப்ரவரி 26-ல் கிளர்ந்த படைப்பிரிவுகள் கொன்றவர்களுள் ஒருவர், இராணுவச் செலவைக் கட்டுப்படுத்த முயன்ற முதிய நிதியமைச்சர் தகாஹாஷி கொரேகியோ. அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகும் பலன் பெற்றது படைதான்: பணியில் இருக்கும் அதிகாரிகளே படைத்துறை அமைச்சராக முடியும் என்ற பழைய விதி அதே ஆண்டு திரும்ப வந்தது. இனி தனக்குப் பிடிக்காத பிரதமருக்கு ஆள் தர மறுத்தே படை ஓர் அமைச்சரவையைக் கருவிலேயே கலைக்கலாம். 1937 ஜனவரியில் உகாகி கசுஷிகே அப்படித்தான் அமைச்சரவை அமைக்க முடியாமல் திரும்பினார்.

இருப்பினும் ஓர் எச்சரிக்கை. எல்லாப் பழியையும் படையின்மேல் போட்டுவிட்டு அரசியல்வாதிகளைக் கழுவிவிடுவது சரியாகாது. 1937 ஜூலை 7 இரவு, பெய்ஜிங்குக்கு அருகே மார்கோ போலோ பாலத்தில் பயிற்சியில் இருந்த ஜப்பானியப் படையில் ஒரு வீரரைக் காணவில்லை என்று பதற்றம் எழுந்தது. அந்த வீரர் சிறிது நேரத்தில் திரும்பிவிட்டார். சண்டை மட்டும் தொடர்ந்தது. ஜூலை 11-ல் களத்தில் இருந்த இரு தரப்புத் தளபதிகளும் போர்நிறுத்தத்துக்கு உடன்பட்டார்கள். அதே நாளில் டோக்கியோவில் இளவரசர் கொனோயேயின் அமைச்சரவை கூடுதல் படைகளை அனுப்ப முடிவெடுத்தது. இம்முறை சீனத்தில் சிக்கிக்கொள்ள வேண்டாம் என்று தலைமையகத்தில் வாதாடியவர் யார் தெரியுமா? மஞ்சூரியச் சூழ்ச்சியைத் தீட்டிய அதே இஷிவாரா. தான் காட்டிய வழியைப் பிறர் பின்பற்றும்போது அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. 1938 ஜனவரியில் தரைப்படைத் தலைமையகமே பேச்சுவார்த்தையைத் தொடர விரும்பியபோதும், சீனத் தேசிய அரசோடு இனிப் பேசுவதில்லை என்று அறிவித்துக் கதவைச் சாத்தியவரும் கொனோயேதான்.

கேள்வி: சாதாரண ஜப்பானிய மக்கள் இதையெல்லாம் விரும்பினார்களா, அல்லது பயந்து அடங்கியிருந்தார்களா? (இல்லத்தரசி)

பதில்: 1930-க்குப் பிந்தைய கிராமங்களைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அப்போது ஜப்பானிய உழவர் குடும்பங்களில் ஐந்தில் இரண்டு பட்டுப்புழு வளர்த்து வந்தன. அந்தப் பட்டின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. 1929-ல் நியூயார்க்கில் பங்குச்சந்தை விழுந்ததும் பட்டு வாங்குவோர் குறைந்தார்கள். அந்த நேரம் பார்த்து, 1930 ஜனவரியில் அரசு யென்னை மீண்டும் பழைய தங்க மதிப்புக்கே கொண்டுபோனதால் ஜப்பானியப் பொருள்கள் வெளிநாட்டில் இன்னும் விலை கூடின. பட்டுக்கூட்டின் விலை தரைமட்டமானது. அந்த ஆண்டு நெல் அமோகமாக விளைந்து விலை விழுந்தது. 1931-லும் 1934-லும் வடகிழக்கில் குளிரால் விளைச்சலே பொய்த்தது. கடனை அடைக்க மகள்களைத் தொழிற்சாலைகளுக்கும் விலைமாதர் விடுதிகளுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம். அந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகளே படைவீரர்கள். அவர்களது கதைகளைக் கேட்ட இளம் அதிகாரிகள், கட்சி அரசியல்வாதிகளும் பெருநிறுவன முதலாளிகளும் நாட்டைத் தின்கிறார்கள் என்று கொதித்தார்கள். அவர்களது கோபத்துக்குக் காரணம் நியாயமானது. அதற்கு அவர்கள் தேடிய பரிகாரம் இன்னொருவரின் நிலம்.

பயம் இருந்தது, ஆனால் ஆரவாரமும் உண்மையானது. மஞ்சூரியத் தாக்குதலுக்குப் பிறகு பெரிய நாளிதழ்கள் சிறப்புப் பதிப்புகளை அடுத்தடுத்து வெளியிட்டு விற்பனையில் போட்டியிட்டன. அதுவரை படையைக் கண்டித்து வந்தவையும் தொனியை மாற்றிக்கொண்டன. இனுகாயைக் கொன்ற அதிகாரிகளின் விசாரணையின்போது கருணை காட்டுமாறு கேட்டு லட்சக்கணக்கான கையெழுத்துகள் வந்து குவிந்தன. 1936-ல் அரசு, 20 ஆண்டுகளில் 10 லட்சம் குடும்பங்களை மஞ்சூரியாவில் குடியேற்றப்போவதாக அறிவித்தது. துண்டு நிலத்தில் வாடிய உழவருக்கு அது எவ்வளவு இனிமையாகக் கேட்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நிலங்களில் பெரும்பகுதி சீன, கொரிய உழவர்களிடமிருந்து அடிமாட்டு விலைக்குப் பறிக்கப்பட்டவை என்பது முழக்கங்களில் இடம்பெறவில்லை.

கேள்வி: ஆசியாவையே அடிமைப்படுத்தி வைத்திருந்த பிரிட்டனும் பிரான்சும் ஜப்பானை மட்டும் ஏகாதிபத்தியம் என்று குற்றம்சாட்டியது என்ன நியாயம்? (கல்லூரி மாணவர்)

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள கசப்பு எனக்குப் புரிகிறது. 1919-ல் பாரிஸ் அமைதி மாநாட்டில், இனங்களிடையே சமத்துவம் என்ற வாசகத்தை ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தின் சாசனத்தில் சேர்க்குமாறு ஜப்பான் கேட்டது. குழுவில் பெரும்பான்மையினர் ஆதரவாக வாக்களித்தும், ஒருமனதாக இல்லை என்று சொல்லித் தலைமை வகித்த உட்ரோ வில்சன் அதைத் தள்ளிவிட்டார். 1924-ல் அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் ஜப்பானியருக்குக் கதவை அடைத்தது. 1930-க்குப் பின் அமெரிக்காவும் பிரிட்டிஷ் பேரரசும் சுங்கச் சுவர்களை உயர்த்தியபோது, தங்கள் சந்தைகளைப் பூட்டிக்கொண்டவர்கள் ஜப்பானுக்கு மட்டும் சந்தை கூடாது என்கிறார்களே என்ற ஜப்பானியர் வாதத்தில் பொருள் இருந்தது.

ஆனால் அதே 1919-ன் மார்ச் முதல் நாள், கொரியர்கள் சுதந்திரம் கேட்டு ஊர்வலம் போனபோது அவர்களைச் சுட்டும் வெட்டியும் அடக்கியது யார்? பாரிஸில் இனச் சமத்துவம் கேட்ட அதே அரசு. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, ஐரோப்பா போரில் மூழ்கியிருந்த வேளையில், சீனத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவர 21 கோரிக்கைகளை நீட்டியதும் அதே அரசே. மேலைநாட்டவரின் அநீதி ஜப்பானியரின் மனக்காயத்துக்குக் காரணம். கொரியருக்கும் சீனருக்கும் அவர்கள் செய்ததற்கு அது நியாயமாகாது. அவமானப்பட்டவர் தம்மினும் எளியவரை அவமானப்படுத்தியதை விடுதலை என்று அழைக்க என்னால் இயலாது.

1933 பிப்ரவரியில், மஞ்சூரிய விவகாரத்தை விசாரித்த லிட்டன் குழுவின் அறிக்கையை உலக நாடுகள் சங்கம் 42-க்கு 1 என்ற வாக்கில் ஏற்றது. எதிர்த்த ஒரே வாக்கு ஜப்பானுடையது. அதன் தூதர் மட்சுவோகா யோசுகே வெளிநடப்பு செய்தார். கண்டித்த நாடுகள் எதுவும் அதற்குமேல் ஒரு விரலையும் அசைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியிராவிட்டால் பசிபிக் போர் வந்திருக்காது அல்லவா? (பொறியாளர்)

பதில்: எண்ணெய்த் தடை போரின் நாளை நிர்ணயித்தது, போரை உண்டாக்கியது அதற்கு முந்தைய முடிவுகள். 1940 செப்டம்பரில் ஜப்பான் வட இந்தோசீனத்தில் நுழைந்தது. அதே மாதம் 27-ல் ஜெர்மனியோடும் இத்தாலியோடும் கூட்டு ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா பழைய இரும்பு ஏற்றுமதியை நிறுத்தியது. 1941 ஜூலை இறுதியில் ஜப்பான் தென் இந்தோசீனத்தையும் பிடித்தது. அங்கிருந்து மலாயாவும் சிங்கப்பூரும் விமானம் எட்டும் தொலைவு. அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. ஆகஸ்டு தொடக்கத்தில் எண்ணெய் நின்றது. ஜப்பான் வாங்கிய எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்ததால், அது கழுத்தைப் பிடித்ததற்கு ஒப்பானது. மணிக்கு 400 டன் எண்ணெய் எரிந்துகொண்டிருக்கிறது, முடிவைத் தள்ளிப்போட முடியாது என்று கடற்படைத் தலைமை அதிகாரி நகானோ ஒசாமி அக்டோபர் மாதக் கூட்டத்தில் வற்புறுத்தினார்.

ஆனால் அந்த எண்ணெயைத் திரும்பப் பெற ஒரு வழி இருந்தது: சீனத்திலிருந்து படைகளை விலக்கிக்கொள்வது. 1941 அக்டோபர் 14 அமைச்சரவைக் கூட்டத்தில் போர் அமைச்சர் தோஜோ ஹிதேகி இதை முற்றாக மறுத்தார். படை விலகல் என்பது இதயம் போன்றது. அதில் பணிந்தால் சீனத்தில் பெற்றதெல்லாம் வீணாகும், மஞ்சூரியாவும் ஆபத்துக்குள்ளாகும், கொரியாவும் ஆட்டம் காணும் என்பது அவரது வாதம். யமகதாவின் 1890-ஆம் ஆண்டுக் கோடுகளை வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு வருவதைப் போலவே அந்தப் பேச்சு இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் சீனத்தில் மாண்ட வீரர்களும் அந்த வாதத்தில் சாட்சிகளாக அழைக்கப்பட்டார்கள். இரண்டு நாளில் கொனோயே பதவி விலகினார், தோஜோ பிரதமரானார்.

தோற்போம் என்று தெரியாமல் அவர்கள் இறங்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. அரசே அமைத்த முழுப்போர் ஆய்வு நிறுவனத்தில், முப்பது வயதையொட்டிய இளம் அதிகாரிகளும் அலுவலர்களும் அந்தக் கோடையில் கணக்குகளை அடுக்கிப் பார்த்து, ஜப்பான் தோற்கும், கடைசியில் சோவியத்தும் போரில் இறங்கும் என்று ஆகஸ்டு இறுதியில் தலைவர்களின் முன்னிலையிலேயே சொன்னார்கள். போர் கணக்குப்படி நடப்பதில்லை என்று தோஜோ அதைத் தள்ளிவிட்டார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹல் நவம்பர் 26-ல் கொடுத்த குறிப்புதான் கடைசி அடி என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பு டோக்கியோவைச் சென்றடைவதற்கு முன்பே, ஜப்பானுக்கு வடக்கே இருந்த ஹிதோகாப்பு விரிகுடாவிலிருந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் ஹவாயை நோக்கிக் கிளம்பியிருந்தன.

கேள்வி: மலாயாத் தோட்டத்தில் வேலை பார்த்த என் தாத்தாவின் தம்பியை ஜப்பானியர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவே இல்லை. எண்ணெயே இல்லாத மலாயா அவர்களுக்கு எதற்கு? (வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மலாயாவில் ரப்பரும் வெள்ளீயமும் இருந்தன; அதைவிட முக்கியமாக, சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் வழியில் சிங்கப்பூர் கோட்டை நின்றது. அதனால்தான் பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே மலாயாவின் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கிவிட்டது.

உங்கள் தாத்தாவின் தம்பியைப் போன்ற பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுபோய்ப் போட வைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதை, பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்கு அனுப்புவதற்கானது. பர்மாவை அவர்கள் பிடித்ததன் பெரிய காரணங்களுள் ஒன்று, பர்மாவின் லாஷியோவிலிருந்து சீனத்தின் குன்மிங்குக்குப் போகும் மலைச்சாலையை அறுப்பது. அந்தச் சாலை வழியாகத்தான் சீனத்துக்குப் போர்த்தளவாடங்கள் போய்க்கொண்டிருந்தன. 1937-ல் மார்கோ போலோ பாலத்தில் தொடங்கி முடிக்க முடியாமல் போன போருக்காகவே, 1943-ல் க்வாய் ஆற்றங்கரையில் உங்கள் உறவினர் மண் சுமந்தார்.